அப்பத்தாவுக்கு என்ன ஆச்சு?

கம்பம்மெட்டு ஒரு மலை ஊர். ஒரு பக்கம் தமிழ்நாடு. மறுபக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். நடுவில் செக்போஸ்ட். விடிந்தும் விடியாமலும் கம்பத்திலிருந்து ஜீப்புகள் மலை ஏறி வரும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்கள் வருவார்கள். பெண்கள்தான் அதிகம். பொழுது சாய்ந்ததும் அதே ஜீப்புகள் கீழே இறங்கும்.

இந்த ஊரில் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

முதல் வீட்டில் ஓர் அப்பத்தா. வயது 72. ஒரு காலத்தில் ஏலக்காய் தரம் பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முறத்தில் கொட்டியதும் கண் பார்க்கும், கை பிரிக்கும். இரண்டு வருடமாக அப்பத்தா மாறிவிட்டார். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறார். "மகன் வந்துட்டானா?" என்று கேட்பார். "வந்துட்டாரு அத்தை" என்று மருமகள் சொல்வாள். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் அதே கேள்வி.

ஒரு நாள் பணத்தைக் காணோம் என்று சத்தம் போட்டார். மருமகள் எடுத்துவிட்டாள் என்று தெருவே கேட்கும்படி சொன்னார். பணம் அரிசி டிரம்முக்குள் இருந்தது. வைத்தது அப்பத்தாதான். மருமகள் அன்று சாப்பிடவே இல்லை.

இன்னொரு நாள் இருட்டும் நேரத்தில் அப்பத்தா செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார். தெரிந்த ஜீப் டிரைவர் வண்டியை நிறுத்தினார். "எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்" என்றார் அப்பத்தா. அவருடைய ஆத்தா இறந்து முப்பது வருடம் ஆகிறது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வயது 68. மூன்று வாரத்துக்கு முன்பு வரை மிளகுத் தோட்டத்துக்குப் போனவர். இப்போது எந்நேரமும் தூங்கி வழிகிறார். பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். தலை வலிக்கிறது என்கிறார்.

இரண்டு வீட்டுக்கும் ஊர் சொன்ன பதில் ஒன்றுதான். "வயசாயிருச்சு. அப்படித்தான் இருக்கும்." ஒருவர் கோடாங்கியைப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் காத்துக் கருப்பு என்றார்.

மருமகள் மட்டும் கேட்டாள். "எங்க அத்தைக்கு ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. பக்கத்து வீட்டு மாமாவுக்கு மூணே வாரம். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

நல்ல கேள்வி. டாக்டரும் முதலில் இதைத்தான் கேட்பார். எப்போது தொடங்கியது? மெல்ல வந்ததா, சட்டென்று வந்ததா?

இரண்டு குடும்பமும் மலை இறங்கின. கம்பம்மெட்டுக்காரர்களுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கேரளப் பக்கம் இடுக்கியிலும் கோட்டயத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. எல்லையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்துடையது? அது எந்த மருத்துவமனையில் செல்லும்? போகும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே போய் நின்றபின் அலைவது பெரிய பாடு.

பெரியவரின் படம்

"அப்பா எப்பவாவது கீழ விழுந்தாரா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

மகன் யோசித்தான். "விழுந்தாரு டாக்டர். ரெண்டு மாசம் இருக்கும். மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து. லேசான அடிதான். ரத்தமே வரல."

"வெளியில வரல" என்றார் டாக்டரம்மா. உடனே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

படத்தில் மூளை தெரிந்தது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பிறை நிலா போல ஒன்று தெரிந்தது. அது கசிந்து சேர்ந்த பழைய ரத்தம். அடிபட்டபோது சின்ன ரத்தக்குழாய் ஒன்று அறுந்திருக்கிறது. ரத்தம் துளித்துளியாகக் கசிந்திருக்கிறது. வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை ஒரு பக்கமாக அழுத்துகிறது. அதனால்தான் தூக்கம், மறதி, கால் இழுப்பு.

வயதானவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும். மண்டைக்குள் இடைவெளி கூடும். அங்கே ஓடும் ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலேயே அறுந்துவிடும். சாராயம் அதிகம் குடிப்பவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இன்னும் ஆபத்து.

பெரியவருக்கு மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். சில நாளில் பேரனைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காலும் நேரானது.

"வயசாயிருச்சு" என்று இன்னும் ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தால் பெரியவர் உயிரோடு இருந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

வெட்டாமல் வெட்டிப் பார்ப்பது

தலையைத் திறக்காமல் உள்ளே பார்த்தது எப்படி?

முட்டைக்கோஸை எடுத்துக்கொள்வோம். வெளியில் பார்த்தால் பச்சை உருண்டை. உள்ளே புழு இருக்கிறதா என்று தெரியாது. மெல்லிய வில்லைகளாக அரிந்தால் ஒவ்வொரு வில்லையிலும் உள்ளே இருப்பது தெரியும். சி.டி. ஸ்கேன் இதைக் கத்தி இல்லாமல் செய்கிறது. எக்ஸ்ரே கதிர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பாய்கிறது. எந்தப் பக்கத்தில் எவ்வளவு கதிர் தடைபட்டது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. வில்லை வில்லையாகப் படம் வருகிறது.

இதைச் செய்தவர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற இங்கிலாந்து என்ஜினியர். அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. அவர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. என்ற கம்பெனியில். பாட்டு இசைத்தட்டு போட்டு விற்ற கம்பெனி அது! கறிக்கடையிலிருந்து மாட்டு மூளை வாங்கி வந்து தன் கருவியில் வைத்துப் பார்த்தார். 1971-இல் லண்டனில் முதல் முறையாக ஒரு பெண்ணின் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் இருந்த கட்டி தெரிந்தது. 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு முன்பு மூளையை எப்படிப் பார்த்தார்கள்? பெரும்பாலும் ஆள் இறந்த பிறகுதான். ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் இருந்தார். 1901-இல் அவரிடம் 51 வயதுப் பெண் ஒருவர் வந்தார். மறதி, சந்தேகம், குழப்பம். 1906-இல் அந்தப் பெண் இறந்தார். அதன்பிறகே டாக்டர் அவர் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. கரைபோல ஏதோ படிந்திருந்தது. செல்களுக்குள் நூல் சிக்கு விழுந்ததுபோல இருந்தது. இந்த நோய்க்குத்தான் பிற்பாடு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார்கள்.

எழுதத் தெரியாதவருக்கு எப்படிப் பரீட்சை?

இப்போது அப்பத்தாவிடம் வருவோம். அவருக்கு உடனே ஸ்கேன் எடுக்கவில்லை. முதலில் கேள்விகள்.

இன்றைக்கு என்ன தேதி? நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வர முடியுமா? ஒரு வாக்கியம் எழுதிக் காட்ட முடியுமா? வெளிநாட்டில் உருவான மறதிப் பரீட்சையில் இப்படித்தான் இருக்கும். அப்பத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. நன்றாக இருந்த நாளிலும் அவரால் வாக்கியம் எழுத முடியாது. இங்கிலீஷ் தேதியும் தெரியாது. ஆடி, ஆவணிதான் தெரியும். இந்தப் பரீட்சையில் அவர் தோற்றால், அது நோயா, படிக்காததா?

நம் நாட்டு டாக்டர்களும் இதை யோசித்தார்கள். 1990-களில் அரியானாவில் பல்லப்கட் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கு ஏற்ற மாதிரி இந்தியில் கேள்விகளை மாற்றினார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே இருந்த டாக்டர்கள் இங்கிலாந்தின் ஒரு நினைவுப் பரீட்சையை மலையாளத்துக்கு மாற்றி 2004-இல் வெளியிட்டார்கள்.

நம் டாக்டரம்மா அப்பத்தாவிடம் இப்படிக் கேட்டார். "இது என்ன மாசம் ஆத்தா? ஏலக்கா எடுப்பு எப்ப தொடங்கும்? நான் மூணு சாமான் பேரு சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோங்க. மாம்பழம், நாற்காலி, பத்து ரூபா."

கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசினார். பிறகு அந்த மூன்றையும் கேட்டார்.

"என்ன சாமான்?" என்றார் அப்பத்தா.

அடுத்து ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். பி-12 என்ற சத்து குறைந்தாலும் வரும். இவற்றை மருந்து கொடுத்துச் சரிசெய்யலாம். மனச்சோர்வு கூட மறதி போலத் தோன்றும். இதையெல்லாம் விலக்கிய பிறகுதான் எம்.ஆர்.ஐ. என்றார் டாக்டரம்மா.

தாலியைக் கழற்றுவதா?

எம்.ஆர்.ஐ. கருவி ஒரு பெரிய காந்தம். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். மூளையிலும் அப்படியே. காந்தத்தின் நடுவில் படுக்கவைத்து ரேடியோ அலையை அனுப்புகிறார்கள். உடம்பில் உள்ள தண்ணீர் அதற்குப் பதில் அலை தருகிறது. அதிலிருந்து கம்ப்யூட்டர் படம் வரைகிறது. மூளையின் மென்மையான பகுதிகள் சி.டி.யைவிட இதில் தெளிவாகத் தெரியும். இதற்கு வழி கண்ட பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காந்தம் என்பதால் இரும்பு ஆகாது. சேப்டி பின், கொண்டை ஊசி, சாவி, செல்போன், அரைஞாணில் கோத்த தாயத்து எல்லாவற்றையும் வெளியில் வைக்கச் சொல்வார்கள். நகைகளையும் கழற்றச் சொல்வார்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலும், எலும்புக்குக் கம்பி வைத்திருந்தாலும், எப்போதோ கண்ணில் இரும்புத் தூள் விழுந்திருந்தாலும் முன்பே சொல்ல வேண்டும். மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

அப்பத்தா தோட்டைக் கழற்றித் தந்தார். மூக்குத்தியையும் தந்தார். தாலியில் கை வைத்ததும் அழுதுவிட்டார். வீட்டுக்காரர் இறந்து பல வருடம் ஆகிறது. உண்மையில் அங்கே தாலி இல்லை. வெறும் மஞ்சள் கயிறு. எப்போது எடுத்துக் கட்டிக்கொண்டார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கயித்துல இரும்பு ஊக்கு இல்லையே?" என்று பார்த்தார் சிஸ்டர். "இல்லை, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

உள்ளே குழாய் போல இருக்கும். டக் டக் என்று தண்டோரா போடுவதுபோலச் சத்தம் வரும். காதில் பஞ்சு வைப்பார்கள். அரை மணி நேரம் போல அசையாமல் படுக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். வலி இருக்காது. முதியவர்கள் பயந்து எழுந்துவிடுவது சகஜம். முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போனால் பாதிப் பயம் போய்விடும்.

கடல்குதிரை சுருங்கியது

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "காதுக்கு உள்பக்கமா இங்க பாருங்க. ரெண்டு பக்கமும் கடல்குதிரை மாதிரி வளைஞ்சு ஒரு பகுதி இருக்கும். புதுசா நடக்கிறதை ஞாபகத்தில வைக்கிற இடம். அம்மாவுக்கு இது சுருங்கியிருக்கு. சுத்தி இடைவெளி கூடியிருக்கு."

மருமகளுக்கு ஒன்று புரிந்தது. நேற்றுச் சொன்னது அத்தைக்கு நிற்கவில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தியது மட்டும் நிற்கிறது. ஏனென்றால் புதியதைச் சேர்த்து வைக்கும் இடம்தான் முதலில் கெடுகிறது. பழையது வேறு இடங்களில் முன்பே பதிந்துவிட்டது. அதனால்தான் அத்தை ஆத்தா வீட்டுக்குக் கிளம்புகிறார்.

"சுருங்கியிருக்குன்னு எதை வச்சுச் சொல்றீங்க?" என்று மகன் கேட்டார்.

இதுவும் சரியான கேள்வி. ஒன்றைச் சிறியது என்று சொல்ல இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். பல வருடங்களாக மூளைக்கு வைத்திருந்த அளவு வெளிநாட்டுக்காரர்களுடையது. பக்கத்து ஊர்ப் படியால் நம் நெல்லை அளந்து, குறைகிறது என்று சொன்னால் எப்படி? ஐதராபாத்தின் ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தோடு சேர்ந்து இதைப் பார்த்தார்கள். நல்ல உடல்நலம் உள்ள 50 ஆண்கள், 50 பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவற்றைச் சேர்த்து இந்தியருக்கான மூளைப் படத்தை 2019-இல் வெளியிட்டார்கள். மேல்நாட்டாரோடு ஒப்பிட்டால் சராசரி இந்தியரின் மூளை நீளம், அகலம், உயரத்தில் கொஞ்சம் சிறியது. இதனால் அறிவு குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. அளவுகோல் வேறு என்பதுதான் விஷயம். நல்ல மூளையைக் கூட "சுருங்கிவிட்டது" என்று தவறாகச் சொல்லிவிடலாம் அல்லவா?

அந்த நூறு பேரும் இளவயதினர். முதியவர்களுக்கு வேறு அளவு வேண்டும். அதற்கும் வேலை நடக்கிறது. கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரம் என்ற தாலுகா இருக்கிறது. பெங்களூரில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் 2018-இல் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. 45 வயது தாண்டிய 10,000 கிராம மக்களைப் பல வருடம் தொடர்ந்து கவனிப்பது திட்டம். கேள்வி கேட்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள், மூளைப் படமும் எடுக்கிறார்கள். யாருக்கு மறதி வருகிறது, யாருக்கு வரவில்லை, வருவதற்கு முன்பே படத்தில் ஏதாவது தெரிந்ததா என்று பார்க்கிறார்கள். நம்மைப் போன்ற விவசாயக் குடும்பங்கள்தான் அவர்கள்.

சர்க்கரை தின்னும் மூளை

பெட் ஸ்கேன் என்று இன்னொன்று இருக்கிறது. பெரிய நகரங்களில்தான் உண்டு. செலவும் அதிகம். எல்லாருக்கும் தேவைப்படாது. மூளைக்குச் சாப்பாடு சர்க்கரை. கொஞ்சம் கதிர் வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். மூளையில் வேலை செய்யும் இடம் அதை இழுத்துக்கொள்ளும். படத்தில் பளிச்சென்று தெரியும். வேலை குறைந்த இடம் மங்கும். அல்சைமர் நோயில் படியும் கரையையே காட்டும் பெட் ஸ்கேனும் இப்போது இருக்கிறது. டாக்டர் அல்சைமர் 1906-இல் இறந்த மூளையில் கண்டதை உயிரோடு இருப்பவரிடமே காணலாம்.

இந்த பெட் ஸ்கேன் ஓர் அதிசயத்தையும் காட்டியது. கம்பம்மெட்டு மக்களுக்கு இது பிடிக்கும். இங்கே யாரும் ஒரே மொழியில் பேசி முடிப்பதில்லை. கடையில் மலையாளம், வீட்டில் தமிழ். ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ நிறுவனத்துக்கு வந்த 648 மறதி நோயாளிகளை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு, ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட நாலரை வருடம் தாமதமாக நோய் வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. இத்தாலியில் 85 அல்சைமர் நோயாளிகளை பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியிட்டார்கள். ஜெர்மன், இத்தாலி என்று இரண்டு மொழி பேசியவர்களின் மூளை படத்தில் அதிகமாகவே மங்கியிருந்தது. ஆனால் அவர்கள் பரீட்சையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்!

படம் வேறு, ஆள் வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது. எல்லா ஆய்வுகளும் இதே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் அப்பத்தாவும் இரண்டு மொழி பேசியவர்தான். அவருக்கும் வந்தது.

கை நடுக்கும் பார்கின்சன் நோயில் இது இன்னும் தெளிவு. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. டாக்டர் நடையைப் பார்த்து, கையை மடக்கி நீட்டிப் பார்த்துத்தான் சொல்வார். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல" என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது.

தெரிந்து என்ன பயன்?

"இதைச் சரி பண்ண முடியுமா டாக்டர்?" என்று மகன் கேட்டார்.

"முடியாது" என்றார் டாக்டரம்மா. ஒளிக்கவில்லை. சில மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் உதவும். நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் புதிய ஊசி மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2023-இல் முழு அனுமதி கிடைத்தது. நோய் தொடங்கிய காலத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது. மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

மகன் வாடிப்போனார். இவ்வளவு தூரம் வந்து, காசு செலவழித்து, முடியாது என்றா கேட்க வேண்டும்?

மருமகள் வேறு மாதிரி நினைத்தாள். தெருவில் திருடி என்று பெயர் வாங்கியவள் அவள். "அப்ப எங்க அத்தை வேணும்னு சொல்லலை" என்றாள். படத்தைக் கையில் வாங்கி இன்னொரு முறை பார்த்தாள்.

இந்த நோய் உள்ள வீடு இது ஒன்று மட்டும் அல்ல. இந்தியாவில் 60 வயது தாண்டிய 100 பேரில் சுமார் 7 பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. மொத்தம் 88 லட்சம் பேர். கேரளத்தில் 1992-இலேயே இவர்களுக்காக ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற சங்கம் தொடங்கினார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று வீட்டாருக்குச் சொல்லித் தருகிறது.

ஊருக்குத் திரும்பியதும் கோடாங்கிப் பேச்சு நின்றது. வாசல் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். கத்தி, மண்ணெண்ணெய், மாத்திரை எல்லாம் பரண் ஏறின. "அதான் இப்பச் சொன்னேனே" என்று யாரும் கத்துவதில்லை. பணம் காணோம் என்றால், "வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்று மருமகள் டிரம்மைத் திறப்பாள். காலையில் ஒரு முறம் ஏலக்காயை முன்னால் வைப்பார்கள். அப்பத்தாவின் கை இன்னும் தரம் பிரிக்கிறது. எல்லாம் சரியாக வராது. அது பரவாயில்லை.

மருமகள் இரவு வகுப்பில் எழுதப் படித்தவள். ஓர் அட்டையில் அத்தையின் பெயர், வீட்டுப் பெயர், போன் நம்பர் எழுதினாள். கொட்டை எழுத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினாள். முடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். அத்தை செக்போஸ்ட்டின் எந்தப் பக்கம் நடப்பார் என்று சொல்ல முடியாதே?

மகளைக் கூப்பிட்டாள். அவள் கேரளப் பள்ளியில் படிக்கிறாள். அட்டையைத் திருப்பிப் போட்டு, "இதையே மலையாளத்துல எழுது" என்றாள். எழுதியதை அப்பத்தாவின் சேலை முந்தானை ஓரத்தில் ஒரு சின்னப் பையாகத் தைத்து உள்ளே வைத்தார்கள்.